எட்டும் இடத்தில் மணி

ஆராய்ச்சி மணியின் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். கன்றிழந்த பசு தன் கோட்டினால் மணியைப் புடைத்ததும், மனுவேந்தன் தன் ஒரு மகனைத் தேர்க்காலில் இட்டதும் பெரியபுராணம் கூறுவன. வகுப்பிலே இக்கதையை நடத்துங்கால் அரசனது நடுநிலையையே வியந்து பேசுகின்றோம்; மணியைக் கட்டியவனது அறிவை எவரும் பேசுவதில்லை. அம்மணி அரண்மனை வாயிலிலே தொங்கிற்று. கையில்லாத பசுவுக்கும் எட்டிற்று. அதனை ஒலிப்பிக்க எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. அனுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனைப் பற்றியும் மகாவமிசம் இத்தகைய கதையொன்று சொல்கின்றது. அவனது மணி படுக்கையின் தலைமாட்டிலேயே தொங்கியதாம். நீண்ட கயிறொன்று அதிற் பூட்டப்பட்டிருந்ததாம். நள்ளிரவிலும் துயிலெழுப்பும் மணி அது.

வன்னிப் பெருநிலத்திலே இன்று உயர்கல்வி வேரூன்றியுள்ளது. கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்பப் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டு 1ஆம் நாள் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பம்பைமடுவிலே தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர் ஒருங்கு பயில்கின்றனர். பெருமைப்படத்தக்க செய்திகளே. ஆயின், இந்நிறுவனங்களின் மணி எவ்விடத்தே தொங்குகின்றது?

'பகிடிவதை' என்னும் நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் முன்பாதி பின்பாதியை மறைத்து நிற்கின்றது. முறையிட வரும் பிள்ளையை நோக்கி, "ஒரு பகிடியைத் தாங்கமாட்டாயோ?" என்று வினவ அச்சொல்லே இடங்கொடுக்கின்றது. பகிடியால் வதையோ, பகிடியாகிய வதையோ என்று இலக்கண மாணவர் வாதிடலாம்; வதைபட்டவனுக்கு இரண்டும் ஒன்றே.

1975இல் பேராதனைப் பல்கலைக்கழக இராமநாதன் மண்டபத்திலே ரூபா ரத்னசீலி என்னும் மாணவி பகிடிவதைக்கு அஞ்சி மாடியினின்றும் குதித்தாள். நடந்து வந்தவள் நடக்கவியலாதவளாய் வீடு திரும்பி, 2002இல் மாண்டாள். பெண்கல்விக்கெனக் கல்லூரி நிறுவிய பெருமகனது பெயரைத் தாங்கிய மண்டபம் அது! 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவன் வரப்பிரகாஷ், கடும் உடற்பயிற்சிக்கு வற்புறுத்தப்பட்டுச் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்தான். மறு ஆண்டே 20ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. பகிடிவதைக்கு ஈராண்டு வரையும், பாலியல் துன்புறுத்தலுக்கும் கடுங்காயத்துக்கும் 10 ஆண்டு வரையும் மறியல் என அது விதிக்கின்றது. சட்டம் வலிதே, அதனை எழுப்பும் கயிறுதான் பிள்ளைகளின் கைக்கு எட்டுவதில்லை. வதைப்பவன் பக்கத்து அறையிலே உறங்குகின்றான். விசாரணை தொடங்குமுன்னே முறையிட்டவனின் பெயர் விடுதியெங்கும் பரவுமாயின், அடுத்த பிள்ளை வாய்திறவாது.

மாற்றாற்றலுடைய மாணவர் நிலை இன்னும் அரிது. 2009இல் முடிந்த போரிலே உறுப்பிழந்தோர் பலர் வாழும் மண் இது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் 2006இல் வந்த ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி வேண்டுமென்றன. 2011இல் உயர் நீதிமன்றமும் அதனை வலியுறுத்திற்று. வாயிலிலே ஒரு சாய்தளம் கட்டிவிட்டு, மேல்மாடி வகுப்புக்கு நண்பர் தூக்கிச் செல்லட்டும் என்று விடுதல் முறையாகாது. தூக்கிச் செல்லும் நண்பர் நல்லவரே. அவர் வாராத நாளில் அவன் பாடத்தை இழக்கின்றான். பார்வையற்ற மாணவிக்கு வினாத்தாள் உரிய வடிவிலே கிடையாமையும் பாகுபாடே. அதனை எடுத்துரைக்கச் செல்லும் அலுவலகமும் மாடியிலே இருக்குமாயின் என் செய்வது?

முறைப்பாட்டை ஏற்கும் அறை கீழ்த்தளத்திலே, மூத்த மாணவர் கூடும் இடங்களுக்கு அப்பால் அமைதல் வேண்டும். எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொல்லவும், தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லவும், பிள்ளைக்காகப் பெற்றோர் சொல்லவும் இடமிருத்தல் வேண்டும். கேட்பவர் அப்பீடத்தைச் சாராதவராயிருத்தலே நன்று. இத்தனை நாளில் விடை வருமென்று கதவிலேயே எழுதியிருத்தல் வேண்டும்.

பாடசாலை ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. விடுமுறைக் கடிதமும் வேலை விண்ணப்பமும் எழுதப் பயிற்றும் நாம், முறைப்பாட்டுக் கடிதத்தை அத்துணைக் கருத்தோடு பயிற்றுவதில்லை. உயர்தர வகுப்பு மாணவர் நம்மை விட்டுச் செல்லுமுன் ஒரு பாடவேளையேனும் இதற்கு ஒதுக்குவோம். நிகழ்ந்தது யாது, எந்நாள், எவ்விடம், கண்டவர் யாவர், வேண்டுவது யாது என்பவற்றை ஒரு பக்கத்திலே, அழுகையும் வசையுமின்றி அவர்கள் எழுதிக் காட்டட்டும்.