தோலில் வரையும் ஓவியன்



பச்சை குத்திக்கொள்வது பாவமா என்று இளையோர் கேட்டால், லேவியர் 19:28ஐக் காட்டி அவர்களின் வாயை அடைத்துவிடுவது நம்மிடையே வழக்கமாயிருக்கிறது. குத்திக்கொள்பவனைக் கண்டிக்கிறோம். ஊசியைப் பிடித்திருப்பவனைப் பற்றி நாம் எண்ணுவதேயில்லை. அவனும் ஓர் ஓவியனாயிருக்கக்கூடும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வளர்ந்த டொன் எட் ஹார்டி அத்தகையவர். 1945இல் பிறந்த அவர், சிறுவனாயிருந்தபோதே அயல்வீட்டுப் பிள்ளைகளின் கைகளில் வண்ணப் பென்சிலால் படம் வரைந்தவர். சன் பிரான்சிஸ்கோவில் அச்சோவியக் கலை பயின்று 1967இல் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு வாய்ப்பு வந்தபோதும், மாலுமிகளுக்கும் சண்டியர்களுக்கும் உரியதென அன்று இகழப்பட்ட பச்சை குத்தும் தொழிலையே தெரிந்துகொண்டார். 1973இல் யப்பானின் கிஃபு நகரில் ஹோரிஹிதே என்னும் ஆசானிடம் பணியாற்றினார். சுவரில் தொங்கும் மாதிரிப் படம் ஒன்றைக் காட்டி, 'இதைக் குத்துங்கள்' என்பதே அதுவரை அமெரிக்காவில் வழமை. 1974இல் தாம் திறந்த கூடத்தில் ஹார்டி அதை மாற்றினார். வருபவர் சொல்வதைக் கேட்டு, அவருக்கென்றே வரைந்து கொடுத்தார். பின்னர் தூரிகையை மீண்டும் எடுத்தார். 2000ஆம் ஆண்டில் 500 அடி நீளமான சுருளில் 2,000 டிராகன்களைத் தீட்டினார். 2019இல் சன் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. அவர் பெயர் பொறித்த சட்டைகள் ஒரு காலத்தில் உலகச் சந்தையை நிரப்பின என்பது வேறு கதை. அவற்றைக் கொண்டு அவரை அளப்பது முறையன்று.

இவ்விரு தொழில்களுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. துணியில் தீட்டிய ஓவியம் பிடிக்காவிட்டால் அதன்மேல் மறுபடி தீட்டலாம். தோலிலோ, உதிர்ந்துபோகும் மேற்படலத்தைக் கடந்து கீழ்ப்படலத்தில் மை தங்குகிறது. அதனால்தான் அது ஆயுள்வரை நிற்கிறது. ஊசி சுத்தமற்றதாயின் ஈரலைத் தாக்கும் கிருமிகளும் அதனூடே உட்புகும். அந்தப் படத்தின் விளைவைச் சுமப்பவரும் ஓவியர் அல்லர். 2014இல், கையில் புத்தரின் உருவைப் பச்சை குத்தியிருந்தமைக்காகப் பிரித்தானியப் பெண் ஒருவர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதாகி நாடுகடத்தப்பட்டார். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. இடையில் அவர் பட்ட அலைச்சலில் அந்தப் படத்தை வரைந்தவருக்குப் பங்கில்லை.

இனி, லேவியர் நூலின் அந்த வசனத்தைச் சற்று நின்று வாசியுங்கள். இறந்தோருக்காக உடலைக் கீறிக்கொள்வதை விலக்கிய கையோடுதான் அது உடலில் அடையாளம் பொறிப்பதையும் விலக்குகிறது. இறந்தோருக்காக! கடலை நம்பி வாழும் குருநகருக்கு இச்சொல் சாதாரணமானதன்று. 1986 ஜூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலில் குருநகர் மீனவர் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1993 நவம்பர் 13ஆம் நாள் புனித யாகப்பர் ஆலயத்தின்மீது குண்டு வீழ்ந்து உயிர்கள் பறிபோயின. அவ்வாறு தந்தையை இழந்த ஒருவர், அப்பெயரைத் தம் புயத்தில் எழுதித் தருமாறு ஓர் ஓவியரிடம் வந்தால், அவரிடம் எந்த வசனத்தைக் காட்டுவீர்கள்?

இறந்தோரைக் குருதியால் அமைதிப்படுத்த வேண்டுமென்னும் எண்ணத்தையே அந்தச் சட்டம் தடுத்தது என்று நான் கொள்கிறேன். மகன் தந்தையின் பெயரை எழுதுவதில் அத்தகைய அச்சம் இல்லை, நினைவே இருக்கிறது. அதே விவிலியத்தில், எசாயா 49ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் சீயோனைத் தம் உள்ளங்கைகளில் பொறித்துவைத்திருப்பதாகச் சொல்கிறார். எருசலேமில் ரசூக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் திருப்பயணிகளுக்குச் சிலுவையைப் பச்சை குத்தி வருகின்றனர். மரத்தில் செதுக்கிய பழைய அச்சுகளால் தோலில் உருவைப் பதித்து, அதன்மேல் ஊசியை ஓட்டுவது அவர்களுடைய முறை. எகிப்தின் கொப்டிக் கிறிஸ்தவர்கள் மணிக்கட்டில் சிலுவையைத் தாங்குகின்றனர். அச்சிலுவை அவர்களைப் பகைவருக்கும் காட்டிக்கொடுக்கும். இவர்களையெல்லாம் ஒரே வசனத்தால் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் கேட்டவுடன் ஊசியை எடுப்பவரையும் நான் மெச்சமாட்டேன். துயரம் பச்சையாயிருக்கும்போது மனிதர் எதையும் கேட்பர். காதல் முற்றியிருக்கும்போதும் அப்படியே. ஓவியமும் கைவந்த ஒருவரால் இங்கே பெரிய உதவி செய்ய இயலும். கேட்ட உருவை முதலில் கடதாசியில் வரைந்து கொடுக்கலாம். வீட்டுச் சுவரில், செபம் சொல்லும் இடத்தருகே, அது சில மாதங்கள் தொங்கட்டும். ஒரு கல்லறைத் திருநாள் கடந்து போகட்டும். அதன்பின்னும் தோலிலேயே வேண்டுமென்றால் வரட்டும். அப்போது ஓவியருக்கும் தயக்கமிராது. அந்தக் கடதாசியே போதுமென்று சிலர் திரும்பி வராமலும் போகலாம். அதனால் ஓவியருக்குக் கூலி குறையும் என்பது உண்மைதான்.

அக்குறையை நாம் நிரப்பலாமே! படகின் அணியத்தில் புனிதரின் பெயரை எழுத நமக்கு ஒரு கை வேண்டியிருக்கிறது. தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகத்துக்குத் திரை தீட்டவும், சிலுவைப்பாதை நிலைகளைப் புதுப்பிக்கவும் ஆள் தேடுகிறோம். உங்கள் பங்கில் பச்சை குத்தும் பிள்ளை எவரேனும் இருந்தால், இம்முறை அவரிடம் கேட்டுப் பாருங்கள். கூலியையும் பேசிக் கொடுங்கள்.