பலகையில் "பிரெஷ் ஜூஸ்", பின்னறையில் டின்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தால் படுங்கள், ஆனால் கடைசிவரை வாசித்துவிட்டுப் படுங்கள்.

நம்ம ஜூஸ் கடை, பேக்கரி, ஹோட்டல் முதலாளிமாரிடம் ஒரு கேள்வி. மாம்பழக் காலம் முடிந்து மாதக்கணக்கான பிறகும் உங்கள் கடையில் மாம்பழ ஜூஸ் அதே நிறத்தில், அதே இனிப்பில் வருகிறதே, அது எந்த மரத்துப் பழம்?

எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அது பல்ப். தமிழ்நாட்டுக் கிருஷ்ணகிரியிலும் ஆந்திராவின் சித்தூரிலும் கிளிமூக்கு மாம்பழத்தைக் கழுவி, தோலும் கொட்டையும் நீக்கி, கூழாக்கி, சூடாக்கி, கிருமி புகாத பைகளில் அடைத்து, 200 கிலோவுக்கு மேல் பிடிக்கும் ட்ரம்மில் போட்டுக் கப்பலேற்றுகிறார்கள். சின்னக் கடைக்காரருக்கு மூன்று கிலோ டின். திறக்காமல் வைத்தால் ஒரு வருடத்துக்கு மேலும் கெடாது. தோடம்பழச் சாறு என்றால் உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி பிரேசில் சரக்கு.

இது விஷம் என்று நான் சொல்லவில்லை. பல்ப் இறக்குவது குற்றமுமில்லை. ஒழுங்காகச் செய்த பல்ப், ஈ மொய்த்த பழத்தை விடச் சுத்தமானது. என் சண்டை அந்த டின்னோடு அல்ல, பலகையோடுதான். டின்னைத் திறந்து, சீனியும் ஐஸும் போட்டு அடித்துவிட்டு வாசலில் "பிரெஷ் ஜூஸ்" என்று எழுதி வைக்கிறோமே, அதற்கு என்ன பெயர்? தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு நபியவர்கள் (ஸல்) அந்த வியாபாரியைக் கண்டித்த ஹதீஸை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்? ஈரத்தை அடியில் வைத்து மேலே காய்ந்ததைக் காட்டியதும், டின்னைப் பின்னறையில் வைத்து மேசையில் இரண்டு மாம்பழத்தை அடுக்கி வைப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. எல்லவுக்கு வருகிற வெள்ளைக்காரனுக்குத்தானே விற்கிறோம் என்று சொல்லாதீர்கள். பாடசாலை விட்டு வருகிற நம்ம பிள்ளைகளும் அதைத்தான் குடிக்கிறார்கள். போத்தல் பானமென்றால் 2016 முதல் சீனியின் அளவுக்கு நிறம் போட வேண்டும், 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. உங்கள் கிளாஸில் எந்த நிறமும் இல்லை.

முதலாளிமாரின் பதிலையும் சொல்லிவிடுகிறேன், அதில் நியாயம் இருக்கிறது. "சேர், உள்ளூர்ப் பழம் இன்றைக்கு இனிக்கும், நாளைக்குப் புளிக்கும். ஒரு மாதம் குவியும், மறு மாதம் கண்ணிலேயே படாது. வாடிக்கையாளர் ஒரே ருசியைக் கேட்கிறார்." உண்மை. இன்னொன்றும் உண்மை: மாம்பழத்தில் கிருஷ்ணகிரியோடு நாம் விலையில் மோத முடியாது. அங்கே ஆலைகள் ஓடும் அளவு வேறு. ஆகவே மாம்பழத்தை விடுங்கள்.

ஆனால் பேஷன் புரூட்டுக்கு என்ன சாக்கு? கொய்யாவுக்கு? அன்னாசிக்கு? பிபிலைத் தோடம்பழத்துக்கு நாட்டிலேயே தனிப் பெயர் இருக்கிறது. பச்சைத் தோலைப் பார்த்துக் காய் என்று நினைத்து ஒதுக்குகிறவன்தான் ஏமாளி. பசறை வீதியிலும் தெமோதரைப் பக்கமும் லயத்துப் பெண்கள் கூடையில் கொய்யாவும் ஆனைக்கொய்யாவும் வைத்துக்கொண்டு இருக்கிறார்களே, மழை வந்தால் அந்தக் கூடை அப்படியே வீட்டுக்குப் போகும், மறுநாள் குப்பைக்குப் போகும். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் குடும்பத்துக்கு ஒரு கூடை பழம் என்பது சின்னக் காசு அல்ல. நாட்டில் விளையும் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 சதவீதம் வீணாகிறது என்று அதிகாரிகளே வருடக்கணக்காகச் சொல்கிறார்கள். ஜூஸுக்கு அழகான பழம் தேவையில்லை. தோலில் புள்ளி விழுந்து, கொழும்பு லொறிக்காரர் கழித்துப் போட்ட பழமே போதும்.

படிப்பித்த பாவத்துக்கு ஒரு விஞ்ஞானப் பாடம். பழக்கூழின் பிஎச் 4.5க்குக் கீழே இருந்தால் மிக ஆபத்தான கிருமிகள் அதில் வளராது. பேஷன் புரூட், அன்னாசி, கொய்யா, நெல்லி எல்லாமே அந்தப் புளிப்புப் பக்கம். அவற்றை நன்றாகச் சூடாக்கி, சூட்டோடு சுத்தமான போத்தலில் அடைத்து மூடலாம். பெரிய அழுத்தக் கொதிகலன் வேண்டாம். பப்பாசிக்கும் வாழைப்பழத்துக்கும் மட்டும் புளிப்புச் சேர்க்க வேண்டும். அதிலும் பேஷன் புரூட்டுக்கு வாசம் தூக்கல், கொஞ்சக் கூழ் ஒரு ஜக்குக்குப் போதும். அப்புத்தளை அடிசம் மடாலயத்தில் கத்தோலிக்கத் துறவிகள் ஜாமும் கோடியலும் செய்து வாசலிலேயே விற்கிறார்கள். நம்மவர்களும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் வரிசையில் நின்று வாங்கி வருகிறோம்! வாங்கத் தெரிந்த நமக்குச் செய்யத் தோன்றவில்லை.

அதைவிட வேடிக்கை நம்ம பசறை வீதியிலேயே இருக்கிறது. 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை இங்கே கொண்டுவந்தபோது சொன்ன நோக்கமே நாட்டின் வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பது. அங்கே உணவு விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்குப் பஸ் ஏறுகிறார்கள். எதிர்த்திசையில் டின் ஏறி வருகிறது.

மாகாண சபையைக் கேட்கலாமே என்பீர்கள். எந்தச் சபையை? கடைசியாக 2014 செப்டெம்பரில் வாக்களித்தோம், 2019இல் அதன் காலம் முடிந்தது.

சரி, நாம் கொடுக்கிற காசு அங்கே மாமர விவசாயிக்காவது போகிறதா? 2025 ஜூனில் சித்தூரில் ஆலைகள் கேட்ட விலை கிலோ ஐந்தாறு இந்திய ரூபாவுக்கு விழுந்து, விவசாயிகள் பழத்தை வீதியில் கொட்டினார்கள். ஆந்திர அரசு 12 ரூபா என்று நிர்ணயித்தது. 8 ரூபா ஆலை, 4 ரூபா அரசு. அங்கே கொட்டுகிறார்கள், இங்கே அழுகுகிறது. நடுவில் இருப்பவருக்கு மட்டும் நட்டமில்லை.

வர்த்தகச் சங்கத்துக்கு என் கேள்வி இதுதான்: பத்துக் கடைகள் சேர்ந்து, வருடம் முழுக்க இவ்வளவு கிலோ பேஷன் புரூட் கூழ் எடுப்போம் என்று எழுத்தில் தர முடியுமா? அந்தக் கடிதம் கையில் இருந்தால், கூழ் இயந்திரத்துக்கு வங்கியில் கடன் கேட்க, படித்த பிள்ளைகளும் தோட்டத்துப் பெண்களும் தயங்க மாட்டார்கள். ஒரு கிளாஸ் கொஞ்சம் விலை கூடும். கூடட்டும், வாங்குகிறவனுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள்.

பள்ளி நிர்வாகத்தாருக்கும் ஒன்று. நோன்பு மாதத்தில் இப்தாருக்கு நிறப் பவுடரும் கோடியலும் பெட்டி பெட்டியாக வாங்குகிறோம். அடுத்த நோன்புக்கு அதில் பாதியையாவது பிபிலைத் தோடம்பழமாக வாங்கிப் பிழியுங்கள். இளைஞர்கள் இருக்கிறார்கள், நானும் வந்து பிழிகிறேன்.

டின் பாவிக்கிற கடை நானாமார் டின்னையே பாவியுங்கள், பலகையை மட்டும் மாற்றுங்கள். மாதம் எத்தனை கிலோ எடுக்கிறீர்கள், என்ன விலைக்கு எடுக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் இன்பொக்ஸில் அனுப்புங்கள். கணக்கைக் கூட்டிப் பார்த்து அடுத்த பதிவில் போடுகிறேன்.