மிதிவண்டியும் மூட்டையும்

புகைவண்டியில் செல்வோர் தம் மூட்டையின் எடையை உணர்வதில்லை. அதனைப் புகைவண்டி சுமக்கிறது. கால்நடையாகச் செல்வோர் அதன் எடையை ஒவ்வோர் அடியிலும் உணர்கின்றனர். மிதிவண்டியில் செல்வோர் இவ்விரு திறத்தாருக்கும் இடைப்பட்டவர். மூட்டையைத் தாங்குவது வண்டி. அவ்வண்டியை இயக்குவன அவருடைய கால்கள். வீட்டு வாயிலில் நின்று மூட்டையைக் கட்டும்போது, "வண்டிதானே சுமக்கப்போகிறது" என்னும் எண்ணமே மேலோங்கி நிற்கும். அதனால் வேண்டியதும் வேண்டாததுமாகப் பல பொருள்கள் வண்டியில் ஏறிவிடுகின்றன. முதல் மேட்டை ஏறும்போதுதான் உண்மையில் சுமப்பவர் யார் என்பது விளங்கும்.

விடுமுறை நாள்களில் மிதிவண்டியில் 30 அல்லது 40 கிலோமீட்டர் சென்று, திறந்த வெளியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் வீடு திரும்பும் வழக்கம் இளைஞர்க்கு மிகவும் ஏற்றது. உடல் உரம் பெறும். நாட்டைக் கண்ணாரக் காணலாம். தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் பழக்கமும் உண்டாகும். எனினும், இதனை விரும்புவோருள் பலர் இரண்டு தவறான கருத்துகளால் தயங்கி நிற்கின்றனர். "எல்லாப் பொருள்களும் உடன் இருந்தால்தான் வெளியில் தங்க முடியும்" என்பது ஒன்று. "எடை குறைந்த கருவிகள் விலை மிகுந்தவை, செல்வர்க்கே இப்பயணம் உரியது" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தாக் கருத்துகள். மூட்டையின் எடையைக் குறைக்கும் முதற்கருவி நம் அறிவே என்பது என் துணிபு.

மிதிவண்டியில் சென்று கூடாரமிட்டுத் தங்கும் வழக்கத்தைப் பலரிடையே பரப்பியவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்னும் ஆங்கிலேயர். இவர் 1853-ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுவராக இருந்தபோது, பெற்றோருடன் பாரவண்டிக் கூட்டம் ஒன்றில் சேர்ந்து வட அமெரிக்காவின் பரந்த புல்வெளிகளைக் கடந்தார். பிற்காலத்தில் இலண்டன் மாநகரில் தையல் தொழில் புரிந்தார். 1897-இல் அயர்லாந்தின் மேற்குப் பகுதியாகிய கானமாராவில் நண்பர்களுடன் மிதிவண்டியில் சென்று கூடாரமிட்டுத் தங்கினார். அப்பயணம் பற்றி 1898-இல் நூல் ஒன்றும் வெளியிட்டார். 1901-இல் மிதிவண்டி முகாமினர்க்கென ஒரு சங்கம் தோன்றுவதற்கும் அவரே காரணராயினார்.

அக்காலத்துப் படைவீரர் கூடாரங்கள் தடித்த கித்தானால் ஆனவை. வண்டியிலோ விலங்கின் முதுகிலோ ஏற்றிச் செல்லத்தக்கவை. மிதிவண்டி அவற்றைத் தாங்காது. துணியின் இயல்பை அறிந்த ஹோல்டிங், மெல்லிய துணியைக் கொண்டு, சிறு பொதியாகச் சுருட்டத்தக்க கூடாரங்களைத் தாமே வகுத்து அமைத்தார். இரவில் பனியையும் மழையையும் காற்றையும் தடுப்பதே கூடாரத்தின் வேலை. அவ்வேலைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்ததே அவர் செய்த புதுமை. அக்கணக்கைப் பார்ப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை.

அவருக்கும் முன்னே, 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து உலகை வலம்வரப் புறப்பட்டார். முன்சக்கரம் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த பழைய வகை மிதிவண்டி அவருடையது. அதன் கைப்பிடியில் கட்டிய பையில் காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, மழைச்சட்டை ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று ஆகியவையே இருந்தன. அம்மழைச்சட்டையே அவருக்குக் கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவியது. ஐரோப்பா, துருக்கி, பாரசீகம் முதலிய நாடுகளைக் கடந்து, 1886-இல் இந்தியாவின் பெருவழிச் சாலை வழியாகக் கல்கத்தா வரையிலும் வந்த அவர், அவ்வாண்டு டிசம்பர் மாதம் ஜப்பானில் உள்ள யோகோஹாமாவில் தம் பயணத்தை நிறைவு செய்தார்.

இவ்வரலாற்றைக் கேட்போர், "மூட்டையே வேண்டா" என்னும் முடிவுக்கு வந்துவிடுதல் கூடாது. ஸ்டீவன்ஸ் பல இரவுகளை வழியிலிருந்த மக்களின் இல்லங்களிலும் சத்திரங்களிலும் கழித்தார். அவர் சுமக்காத உணவையும் போர்வையையும் பிறர் அளித்தனர். ஆதலின், சுமை குறைவது வேறு; நம் சுமையைப் பிறர்மேல் ஏற்றுவது வேறு. தண்ணீரும் காற்றடிக்கும் பம்பும் கொண்டுவராமல், "என் மூட்டையே எல்லார் மூட்டையினும் சிறியது" என்று பெருமை பேசுபவன், வழியில் அவற்றைத் தோழனிடம் கேட்டு நிற்பானாயின், அவன் பெருமைக்குப் பொருள் இல்லை.

சுமையின் விளைவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். சமநிலத்தில் மெல்லச் செல்லும்போது மிகுதியான எடை அவ்வளவாகத் தோன்றாது. விரைந்து செல்லும்போதோ எடையைவிடக் காற்றே பெருந்தடையாகும். ஆகையால் மூட்டை எடை குறைந்திருப்பதோடு, அகன்று விரியாமல் ஒடுங்கியும் இருத்தல் வேண்டும். மேட்டுநிலத்திலோ எடை தன் வலிமையைக் காட்டிவிடும். 300 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றின்மேல் 10 கிலோ மிகைச் சுமையுடன் ஏறுவதாகக் கொள்வோம். ஒரு மாடியின் உயரம் 3 மீட்டர் எனின், 10 கிலோ அரிசிப் பையை 100 மாடிகளுக்கு மேலே ஏற்றுவதும் இதுவும் ஒன்றே. இறங்கும்போதும் துன்பம் நீங்குவதில்லை. சுமை மிகுந்த வண்டியை நிறுத்தத் தடைக்கட்டைகள் மிகுதியாக உழைக்க வேண்டும். கொல்லிமலைச் சாலையைப்போல் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள வழியில் இது உயிரோடு தொடர்புடைய செய்தியாகும்.

மூட்டை பெருப்பது பெரும்பாலும் பெரிய பொருள்களால் அன்று. "இது சிறிதுதானே, இருக்கட்டும்" என்று சேர்க்கும் பொருள்களே அதனைப் பெருக்குகின்றன. மெல்லிய மயிலிறகேயாயினும், அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு தாங்காது என்னும் உண்மையை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே அறிவுறுத்தியுள்ளார். மிதிவண்டிப் பயணிகள் நெஞ்சில் பொறித்துக்கொள்ள வேண்டிய அறிவுரை அது.

அவ்வாறாயின், எதனைக் கொள்வது? எதனைத் தள்ளுவது? ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, "இஃது இல்லாவிட்டால் என்ன நேரும்?" என்று கேட்டல் வேண்டும். விடை "துன்பம் நேரும்" என்பதானால் அப்பொருளைக் கட்டாயம் கொள்ள வேண்டும். "சிறிது வசதி குறையும்" என்பதானால் ஓர் இரவுதானே என்று தள்ளிவிடலாம். தலையணை இல்லாவிடின் மாற்றுடையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்ளலாம். விளக்கு இல்லாவிடின் இருட்டில் சாலையில் வரும் வண்டிகளுக்கு நாம் புலப்படமாட்டோம். முன்னது வசதிக் குறைவு. பின்னது உயிருக்கு ஊறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவோரே ஒன்று வீட்டையே சுமக்கின்றனர். அல்லது வேண்டியதையும் விட்டுச் செல்கின்றனர்.

இவ்வினாவைத் தண்ணீரிடம் கேட்டால் வியப்பான விடை கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. மூட்டையில் உள்ளவற்றுள் மிக்க எடையுடையது பெரும்பாலும் அதுவே. ஆயினும், தள்ளவே கூடாத பொருளும் அதுவே. ஆகவே, எடை ஒன்றையே நோக்கிப் பொருள்களைக் கழித்தல் அறிவுடைமை ஆகாது. வழியில் ஊர்கள் எங்கெங்கு உள்ளன, நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பவற்றை முன்னரே கேட்டறிந்தவர் அடுத்த ஊர்வரை போதுமான அளவு மட்டும் சுமப்பர். அறியாதவரோ முழுவதையும் சுமக்க நேரும். அறிவுக்கு எடை இல்லை. ஆயினும் அது பிற பொருள்களின் எடையைக் குறைத்துவிடுகிறது.

பழுது நீக்கும் கருவிகளும் இத்தகையனவே. டியூபில் விழுந்த துளையை அடைக்கக் கற்றவனுக்கு ஒட்டுத் துண்டுகள் சிலவும், பசையும், டயரைக் கழற்றும் நெம்பிகளும், ஒரு பம்பும், ஒரு ஸ்பேனரும் போதும். கல்லாதவன் எத்தனை டியூபுகளைச் சுமந்தாலும் வழியில் நிற்பான். காயத்துக்குக் கட்டும் துணியும் மருந்தும் அடங்கிய சிறு பெட்டியும் இவற்றோடு இருத்தல் வேண்டும்.

உறக்கத்துக்கு வேண்டியவை மிகச் சிலவே. குளிர்ந்த தரை நம் உடலின் வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும். அதனால் மேலே போர்த்தும் இரண்டாம் போர்வையைவிடக் கீழே விரிக்கும் பாய் மிக்க பயன் தரும். சமவெளியில் மழையில்லாத காலத்தில் ஒரு பாயும், ஒரு போர்வையும், ஒரு கொசுவலையும் போதும். மழை வருமென்று ஐயுற்றால், எடை குறைந்த தார்ப்பாய் ஒன்றும் சிறிது கயிறும் கொள்ளலாம். மிதிவண்டியை மரத்தோடு நன்றாகச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் தார்ப்பாயின் ஒரு விளிம்பை இட்டு, மறுவிளிம்பைத் தரையில் முளையடித்து இறுக்கினால், சாய்ந்த கூரை ஒன்று அமைந்துவிடும். பகலில் நம்மைச் சுமந்த வண்டியே இரவில் கூரையையும் தாங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலமாகிய அக்டோபர் முதல் டிசம்பர் வரை இவ்வேற்பாடு போதாது. அக்காலத்தில் பயணத்தைத் தள்ளிவைப்பதே நன்று.

உணவிலும் முன்னோர் வழி நமக்கு உதவும். ஓர் இரவுப் பயணத்துக்கு அடுப்பும் பாத்திரமும் எண்ணெயும் சுமக்க வேண்டுவதில்லை. புளிச்சோறு அன்றிரவு வரை கெடாது. தண்ணீரில் ஊறவைத்த அவலும் வெல்லமும் காலை உணவாகும். பொரிவிளங்காய் உருண்டை பல நாள் கெடாமல் இருக்கும். கட்டுச்சோறு கொண்டு வழிநடந்த நம் மக்களுக்கு இவற்றைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை; நினைவூட்டினால் போதும்.

தெரிந்தெடுத்த பொருள்களை வைக்கும் முறையும் ஒன்றுண்டு. பால் விற்போர் தம் பாற்பாத்திரங்களைப் பின்தாங்கியின் இருபுறமும் தாழத் தொங்கவிட்டுச் செல்வதைக் காண்கிறோம். எடை தாழ்ந்தும் இருபுறமும் ஒத்தும் இருந்தால் வண்டி சாயாது என்பதை அவர்கள் பட்டறிவால் கண்டனர். நாமும் எடை மிகுந்த பொருள்களை இருபுறப் பைகளின் அடியிலும், எடை குறைந்தவற்றை மேலும் வைத்தல் வேண்டும். கைப்பிடியில் பெருஞ்சுமையைத் தொங்கவிட்டால் வண்டியைத் திருப்புவது கடினமாகும். முதுகில் சுமந்தாலோ தோளும் இடுப்பும் வலிக்கும். கயிற்றின் முனை எதுவும் சக்கரத்தின் கம்பிகளில் சிக்காதவாறு கட்டுதல் மிக இன்றியமையாதது. பழைய காக்கித் துணியில் வீட்டிலேயே தைத்த பைகள் இவ்வேலைக்குப் போதும். விலையுயர்ந்த கருவிகளால் சில நூறு கிராம் எடை குறையக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேண்டாத பொருள்களை வீட்டில் வைத்துவிட்டால் பல கிலோ குறையும். அதற்குச் செலவும் இல்லை.

நால்வர் சேர்ந்து சென்றால் நான்கு பம்புகள் வேண்டா. மருந்துப் பெட்டியும் ஒன்றே போதும். யார் எதனைக் கொணர்வது என்று முதல் நாளே பேசி முடிவு செய்து, எடையை அவரவர் வலிமைக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இளையோன் ஒருவன் உடன் வந்தால் மற்றையோர் அவன் சுமையில் ஒரு பங்கை ஏற்றல் கடன். திரும்பும்போது தாள், பிளாஸ்டிக் உறை முதலிய குப்பைகளையும் கட்டிக் கொண்டுவருதல் வேண்டும். அவை எடையற்றவை, அவற்றை அங்கேயே விட்டுவருவோர்க்கு மூட்டையின் எடை குறைந்ததால் வரும் புகழ் உரியதன்று.

மாணவர்களே! பெரியவர் ஒருவர் துணையோடும், தங்கும் இடத்துக்கு உரியவரின் இசைவோடும் அண்மையில் உள்ள ஓரிடத்துக்கு முதலில் சென்று வாருங்கள். வீடு திரும்பியவுடன் மூட்டையை அவிழ்த்துப் பொருள்களைத் தரையில் பரப்புங்கள். பயன்பட்டவற்றை ஒரு புறமும், தொடாதவற்றை மறுபுறமும் வையுங்கள். மருந்து, மழைச்சட்டை, பழுது நீக்கும் கருவிகள் ஆகியவற்றைப் பயன்படாவிடினும் மீண்டும் மூட்டையில் சேர்த்துவிடுங்கள். தொடாத ஏனைய பொருள்கள் அடுத்த பயணத்தில் வீட்டிலேயே இருக்கட்டும். இவ்வாறு மூன்று நான்கு முறை சென்று வந்தால், உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டா என்பதை எந்தக் கடைக்காரரும் உங்களுக்குச் சொல்ல வேண்டிய தேவை இராது.