உழுகிறவருக்கு இல்லாத உழவர் நிதி

கொரோனா காலத்தில் மத்திய அரசு விவசாயிகளுக்கு அள்ளிக் கொடுத்ததாக நண்பர் ஒருவர் நேற்று எழுதியிருந்தார். என்னோடு வேலை பார்த்தவர், நல்ல மனிதர். ஆனாலும் இதைச் சும்மா விட மனசு வரவில்லை.

முதலில் கணக்கு. 2020 மார்ச் 26 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த தொகுப்பில் 8.7 கோடி விவசாயிகளுக்குத் தலா 2,000 ரூபாய் இருந்தது. அது புதுப் பணமா? பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை என்று 2019-லேயே சொன்னதில் ஒரு தவணை. அதைக் கொஞ்சம் சீக்கிரம் போட்டதற்கு நிவாரணம் என்று பெயர். நம் சம்பளத்தை ஒன்றாம் தேதியே போட்டுவிட்டு போனஸ் என்றால் விடுவோமா சார்?

அதுவும் பட்டா வைத்திருப்பவருக்குத்தான். ஆம்பூர் பக்கம் எனக்கு முக்கால் ஏக்கர் இருக்கிறது. மாதம் பத்தாயிரத்துக்கு மேல் பென்ஷன் வாங்குவதால் எனக்குக் கிடையாது. நியாயமான விதி. ஆனால் பதினான்கு வருஷமாக அதைக் குத்தகைக்கு ஓட்டுகிறவருக்கும் கிடையாது, பட்டா அவர் பேரில் இல்லையே. அந்த ஏப்ரலில் அவர் கத்திரிக்காய் வாங்க ஆளில்லாமல் செடியிலேயே முற்றியது. ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த அவர் மனைவிக்கும் வேலை இல்லை. அந்த வீட்டுக்கு உழவர் என்ற கணக்கில் ஒரு பைசா வரவில்லை.

அதே வருஷம் தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாத பெயர்கள் இந்தத் திட்டத்தில் நுழைந்தன. சுமார் 110 கோடி ரூபாய். நம் வேலூர் மாவட்டமும் அந்தப் பட்டியலில் உண்டு. அதிகாரிகளின் பாஸ்வேர்டு தரகர்கள் கைக்குப் போனது. கொரோனா பணம் வருகிறது என்று சொல்லி ஏழைகளிடம் ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கினார்கள். சி.பி.சி.ஐ.டி. வந்தது, சிலர் கைதானார்கள். கடைசியில் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னது அந்த ஏழைகளிடம். நிலமே இல்லாதவர் பேரில் ஏறிய பணம், நிலத்தில் கிடப்பவருக்கு ஏறவில்லை.

அரசை மட்டும் திட்டினால் நான் யோக்கியன் ஆகமாட்டேன். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. நான் பதியவில்லை. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற பயம். வாய்வார்த்தையிலேயே ஓட்டினேன். பட்டா வைத்திருக்கும் வாத்தியார்கள் பலரும் இப்படித்தான், மறுக்காதீர்கள்.

தோல் கழிவால் பாலாற்று ஓரத்து நிலம் கெட்டதற்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-ல். அதே பிரச்சினையில் 2025 ஜனவரியிலும் இழப்பீட்டைக் கொடு என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இந்த மண்ணில் விவசாயிக்கு வரவேண்டிய பணம் இந்த வேகத்தில்தான் வருகிறது. இதில் அள்ளிக் கொடுத்தார்களாம்!

குத்தகைப் பதிவு இருந்தால் பி.எம். கிசானுக்கு அதுவே போதும் என்று விதியை மாற்றட்டும். அடுத்த குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். அதற்கு முன்னால், திங்கட்கிழமை, அவரைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போகிறேன். நிலம் வைத்திருக்கும் நண்பர்கள் யாராவது கூட வருகிறீர்களா?