இன்ஜினை அப்புறம் பாருங்க... முதல்ல பின்கதவைத் திறங்க!

கடற்கரை ஊரில் பழைய டாடா எஸ்டேட் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கூரையில் கேரியர், நடுவில் குடும்பம், பின்னால் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் விழுங்கும் இடம். 'எஸ்டேட் கார்' என்றாலே 90-களில் வளர்ந்தவர்கள் பலருக்கும் டாடா எஸ்டேட்தான் நினைவுக்கு வரும். அன்று டெல்கோ என்ற பெயரில் இருந்த நிறுவனம் 1991-ல் சியராவையும், 1992-ல் எஸ்டேட்டையும் கொண்டுவந்தது. 2000-ம் ஆண்டோடு எஸ்டேட் உற்பத்தி நின்றுபோனது. ஆக, இன்று விற்பனைக்கு வரும் எந்த எஸ்டேட்டும் குறைந்தது கால் நூற்றாண்டு பழசு.

'அந்தக் காலத்துல பெரியப்பா வச்சிருந்த கார்' என்ற பாசத்தில் இதைத் தேடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஒரு எஸ்டேட் விலைக்கு வந்தால் என்ன நடக்கும்? பானெட்டைத் திறப்பார்கள், ஸ்டார்ட் செய்வார்கள், சத்தம் கேட்பார்கள். இன்ஜின் சீராக ஓடினால் அட்வான்ஸ் கைமாறிவிடும்.

கடற்கரையில் இது தலைகீழான முறை. இங்கே முதலில் பார்க்க வேண்டியது பாடி. அதிலும் கண்ணுக்குத் தெரியாத பாடி.

பாடிக்கு ஏன் முதலிடம்?

எஸ்டேட், டாடா மொபைல் என்ற பிக்-அப் வண்டியின் அடிப்படையில் உருவானது. அதில் இருந்த சுமார் 2 லிட்டர் டீசல் இன்ஜினின் குடும்பம்தான் சியராவிலும், 1994-ல் வந்த சுமோவிலும் ஓடியது. சுமோ ஊர் ஊராக விற்ற வண்டி. அதனால் அந்த இன்ஜினைப் பிரித்துக் கோத்த மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் உண்டு. உதிரி பாகமும் தேடினால் கிடைக்கும்.

ஆனால், எஸ்டேட்டின் பின்கதவு, அதன் கண்ணாடி, பக்கவாட்டு நீளக் கண்ணாடி, கதவு பீடிங் எல்லாம் எஸ்டேட்டுக்கு மட்டுமே உரியவை. அவை போனால், இன்னொரு எஸ்டேட் உடைக்கப்படும் இடத்தைத் தேடி அலைய வேண்டும். இல்லாவிட்டால் தகடு வெட்டிக் கையால் அடிக்க வேண்டும். இன்ஜினுக்கு மறுபிறவி உண்டு. துரு தின்ற பாடிக்கு ஒட்டுப்போடத்தான் முடியும்.

பாம்பன் காற்று என்ன செய்யும்?

கடல் காற்றில் நுண்ணிய உப்புத் துளிகள் மிதந்துவந்து வண்டியில் படியும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மழையே பெய்யாவிட்டாலும் தகடு நனைந்தபடியே இருக்கும் என்று அர்த்தம். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே இரும்பு கரைந்துகொண்டிருக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பெயின்ட் கொப்புளம் போல உப்புவது அதனால்தான்.

2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், சிறப்பு பாலிசிலாக்ஸேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. பாலத்துக்கே அத்தனை பாதுகாப்பு தேவைப்படும் காற்றில், சுமார் ஒரு மில்லிமீட்டர் தகடு என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

வண்டி எங்கே வாழ்ந்தது?

நம்பர் பிளேட்டில் டி.என். 65 என்றால் ராமநாதபுரம், 69 என்றால் தூத்துக்குடி, 58, 59 என்றால் மதுரை. ஆனால், இது முதலில் பதிவான இடத்தை மட்டுமே சொல்லும். மதுரையில் பதிவாகி, 20 வருடம் தங்கச்சிமடத்தில் நின்ற காராகவும் இருக்கலாம். அதனால் வண்டி இரவில் எங்கே நிற்கும், ஷெட் உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

அடுத்து, இந்தக் கரைக்கே உரிய மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி, மீன் ஏற்றியதா? பின்சீட்டை மடக்கினால் எஸ்டேட்டில் கூடைகளும் ஐஸ் பெட்டிகளும் தாராளமாக நிற்கும். உருகிய ஐஸும் மீன் தண்ணீரும் கார்ப்பெட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், தரைத் தகட்டின் ஆயுள் குறைந்திருக்கும்.

இரண்டாவது, யாத்திரைக்கு ஓடியதா? அக்னி தீர்த்தக் கடலில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களும் ஆடி, ஈர உடையோடு காரில் ஏறுவது இங்கே வழக்கம். பல வருடம் அப்படி ஓடியிருந்தால், சீட்டுக்கு அடியில் உப்பு தங்கியிருக்கும்.

மூன்றாவது, தனுஷ்கோடி மணலில் இறங்கியதா? அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017-ல்தான். அதற்கு முன் அந்தப் பக்கம் போன வண்டிகள் மணலிலும் கடல் தண்ணீரிலும் ஓடியவை.

பின்கதவிலிருந்து தொடங்கலாம்

பின்கதவைத் திறந்து, அதன் கீழ் விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தண்ணீர் வடியும் துளைகள் அடைத்திருந்தால், கதவு உள்ளிருந்தே அரித்திருக்கும். கீல் பகுதியில் விரிசலோ துருவோ கூடாது. திறந்த கதவு தானாக நிற்கிறதா, கட்டை கொடுத்து நிறுத்துகிறார்களா என்பதும் முக்கியம். குனிந்து பெட்டி எடுப்பவர் தலையில் விழும் கனமான கதவு அது.

பிறகு கார்ப்பெட்டைத் தூக்க வேண்டும். விற்பவர் தயங்கினால், அந்தத் தயக்கமே பாதி பதில். ஈர வாடை, வெள்ளை உப்புப் படிவு, உதிரும் பழுப்புத் தூள், புதிதாக ஒட்டிய தகரம் ஆகிய நான்கையும் தேட வேண்டும். ஸ்டெப்னி வைக்கும் இடத்தையும், சக்கர வளைவு தரையோடு சேரும் மூலையையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

பீடிங் விஷயத்தில் அலட்சியம் கூடாது. சாதாரண காரில் டிக்கி தனி அறை. எஸ்டேட்டில் அப்படிப்பட்ட தடுப்பு கிடையாது. ஓடும் காரின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால், சைலன்சர் புகை சுழன்று பின்கதவுப் பக்கமே திரும்பும். பீடிங் கிழிந்திருந்தாலோ, தரையில் ஓட்டை இருந்தாலோ, புகை குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் வரும். பயணத்தில் தலைவலி, குமட்டல் வந்தால் வெயில் மேல் பழி போட்டுவிடுவோம். காரணம் இந்தப் புகையாகவும் இருக்கலாம்.

ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் போதும். தடையின்றி வழுக்கி வந்தால், அந்த இடத்தில் பீடிங் பிடிக்கவில்லை.

காந்தமும் காதும்

ஃப்ரிட்ஜில் ஒட்டும் சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுகளின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவுகள், படிக்கட்டு போன்ற பக்கவாட்டு விளிம்பு ஆகிய இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகட்டுக்குப் பதில் பட்டி இருக்கிறது. விரல் மடக்கித் தட்டினால் நல்ல தகடு 'டங்'கென்று ஒலிக்கும். பட்டி மொத்தையாக 'தொப்'பென்று கேட்கும்.

உள்ளங்கை அளவு பட்டி இருந்தால் பரவாயில்லை, எங்காவது இடித்து டிங்கரிங் பார்த்திருப்பார்கள். இருபுறமும் கீழ் விளிம்பு முழுக்கப் பட்டி என்றால், அந்த வண்டியின் கீழ்ப்பாதியே போய்விட்டது.

கீழே பார்க்காமல் வாங்க வேண்டாம்

வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் வண்டியை மேலே ஏற்றிப் பார்ப்பதே நல்லது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

நீளவாக்கில் ஓடும் சேஸிஸ், அதில் ஸ்பிரிங் பொருந்தும் இடங்கள், ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டியிருக்கும் இடம் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். மேலாகப் படிந்த துருவை உரசினால் கெட்டி இரும்பு தெரியும். பக்கோடா போல அடுக்கடுக்காக உதிர்ந்தால், இரும்பு மெலிந்துவிட்டது. நேற்றுதான் அடித்த மாதிரி கறுப்புப் பூச்சு பளபளத்தால், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பின் சக்கரங்களுக்குப் போகும் மெல்லிய இரும்பு பிரேக் பைப். வெளியே குழிகுழியாக அரித்த பைப், சாதாரணமாக மிதிக்கும்போது தாங்கும். அவசரத்துக்கு முழுப் பலத்தில் மிதிக்கும்போதுதான் வெடிக்கும். இது பேரம் பேசும் விஷயம் இல்லை. பைப்பை மாற்றிய பிறகுதான் குடும்பம் ஏற வேண்டும்.

இப்போது இன்ஜின்

பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், காலையில் எப்படி ஸ்டார்ட் ஆகும் என்பது தெரியாது. ஹீட்டர் பிளக் வேலை செய்தால், குளிர்ந்த டீசலும் இரண்டொரு முயற்சியில் பிடிக்க வேண்டும்.

புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளையாக வந்தால் இன்ஜெக்டரோ ஹெட் கேஸ்கெட்டோ சந்தேகம். கறுப்பாகக் கக்கினால் ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? பிஸ்டன் ரிங் வேலை காத்திருக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ரேடியேட்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும். பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. போர் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றியிருந்தால், உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் அடைத்திருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் கூலன்ட்டின் நிறம் தெரிய வேண்டும். செங்கல் நிறத் தண்ணீர் என்றால் செலவு இருக்கிறது.

ஓட்டிப் பார்க்க, நெரிசல் இல்லாத நேரான சாலை போதும். பிரேக் பிடிக்கையில் ஒருபக்கம் இழுக்கக் கூடாது. ஸ்டீயரிங்கில் ஆட்டம் கூடாது. பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று பலமாக வீசும். நீளமான இந்த வண்டியில் ஸ்டீயரிங் தளர்ந்திருந்தால், அங்கே தடம் பிடிப்பதே கஷ்டம்.

பேப்பரிலும் துரு உண்டு

தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. ஜி.எஸ்.டி. தனி. பசுமை வரியும் இன்ஷூரன்ஸும் இதற்கு மேல். எல்லா எஸ்டேட்டும் இந்த 20 வயதைத் தாண்டியவையே. ஆர்.சி. காலாவதி ஆகியிருந்தால், விற்பவரே புதுப்பித்துத் தந்த பிறகு பணம் கொடுப்பது பாதுகாப்பு.

சேஸிஸில் பொறித்த எண்ணையும் ஆர்.சி-யோடு ஒப்பிட வேண்டும். கடற்கரை வண்டிகளில் அந்த எண்ணையே துரு தின்றிருக்கும் வாய்ப்பு உண்டு. எண் படிக்க முடியாத வண்டி ஆய்வில் சிக்கும்.

வாங்கலாமா, விடலாமா?

சேஸிஸ் உதிர்ந்தாலோ, ஸ்டீயரிங், ஸ்பிரிங் பிடிக்கும் இடம் அரித்திருந்தாலோ, இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். பின்கதவுத் துரு, பீடிங், தரையில் சிறு ஓட்டை, ரேடியேட்டர், பிரேக் பைப் ஆகியவற்றுக்கு டிங்கரிடமும் மெக்கானிக்கிடமும் செலவைக் கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசலாம். பாடி கெட்டியாக இருந்து இன்ஜின் மட்டும் களைத்திருந்தால், கடற்கரையில் அதுதான் நல்ல வண்டி.

வாங்கிய பிறகு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுவது, வடிகால் துளைகளைக் குச்சியால் சுத்தம் செய்வது, ஈரக் கார்ப்பெட்டை வெயிலில் காயப்போடுவது... இந்த மூன்றையும் விடாமல் செய்தாலே போதும். பின்கதவு இன்னும் பல வருடம் திறந்து மூடும்.