கம்மந்தான் என்ன ஜாதி?

கான்சாகிபு என்னும் முகம்மது யூசுப்கானைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், அவர் பிறவியில் என்ன ஜாதி என்பதே முதல் கேள்வியாக வருகின்றது. இராமநாதபுரம் சீமைப் பனையூரில் வேளாளர் குடியில் பிறந்து பின்னர் இஸ்லாமானவர் என்று சிலர் சொல்லுவதும், இல்லை, எங்கள் ஜாதியே என்று வேறு சிலர் மல்லுக்கு நிற்பதும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அந்த மனிதர் சண்டை போட்டது ஜாதியைக் கொண்டா, மூளையைக் கொண்டா என்று நாம் கேட்கின்றோம்.

மேடவாக்கத்துத் தோழர்களுக்கு இது ஏதோ தூரதேசத்துக் கதையல்ல. கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாக வடக்கே போனால் பரங்கிமலை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே செங்கற்பட்டுப் பக்கமிருந்து வந்து, அவனுடைய பட்டாளத்தைப் பின்னாலிருந்து அடித்து நிம்மதியின்றிச் செய்தவர்களில் யூசுப்கான் ஒருவர். 1759 பிப்ரவரி 9-ந் தேதி அந்தப் பரங்கிமலையிலேயே வெள்ளைக்கார அதிகாரிகளோடு சேர்ந்து நின்று பிரெஞ்சுக்காரரை எதிர்த்தார். பகலெல்லாம் சண்டை, மலையைப் பிடிக்க முடியாமல் பிரெஞ்சுக்காரர் திரும்பினார்கள். அடுத்த வாரம் இங்கிலீஷ் கப்பல்கள் வந்தன, முற்றுகை கலைந்தது. சிப்பாய்களுக்கெல்லாம் கம்மந்தான் என்ற பதவியும் தங்கப் பதக்கமும் கம்பெனியார் அவருக்குக் கொடுத்தவைதான். கொடுத்தபோது அவருடைய கோத்திரத்தை யாரும் விசாரிக்கவில்லை.

நிற்க. அதே ஏழாண்டுப் போரில் (1756 முதல் 1763 வரை) ஐரோப்பாவில் பிரஷ்யா தேசத்தின் குதிரைப்படையை நடத்தியவர் சீட்லிட்ஸ் என்ற பிரபு. அவரும் 1757 நவம்பரில் ராஸ்பாக் என்ற இடத்தில் பிரெஞ்சுக்காரரை முறியடித்தவர்தான். அப்போது வயது 36. அரசன் பிரடெரிக் மிக உயர்ந்த விருதை அளித்தான்; 1773-இல் செத்த பிறகு பெர்லினில் சிலையும் நாட்டினார்கள். அவர் கெட்டிக்காரர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்கு வாசலைத் திறந்துவிட்டது எது? பெயருக்கு முன்னால் இருந்த ‘ஃபான்’ என்ற பிரபு முத்திரை. நம்மவர்களுக்கு ஜாதி வால் பெயரின் பின்னால் தொங்குகின்றது, அவர்களுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவே.

இந்தப் பிரடெரிக், பாதிரிகளைப் பரிகாசம் செய்தவன்; வால்டேரின் சிநேகிதன்; பகுத்தறிவாளன் என்று பெயரெடுத்தவன். அப்படிப்பட்டவனே, மானம் என்பது பிரபு இரத்தத்தில்தான் இருக்கும் என்று நம்பி, யுத்தம் முடிந்ததும் சாதாரணக் குடிகளில் வந்த அதிகாரிகள் பலரைப் பட்டாளத்தை விட்டு நீக்கினான். பிறவி விஷயத்தில் அவனுக்கும் நம்மூர் மடாதிபதிக்கும் என்ன வித்தியாசம்? பலன் என்னவாயிற்று? 1806-இல் யேனாவில் நெப்போலியனிடம் அந்தப் பிரபுப் பட்டாளம் சின்னாபின்னமாயிற்று. நெப்போலியன் பக்கத்துத் தளபதிகளில் மூரா சத்திரக்காரன் மகன். நேய் பீப்பாய் செய்பவன் மகன். உதைபட்ட பிறகுதான் பிரஷ்யாவுக்குப் புத்தி வந்தது. 1808-இல் பிரபுக்களின் தனி உரிமையை எடுத்துவிட்டார்கள்.

யூசுப்கான் கதைக்கு வருவோம். 1759-இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகத்தைக் கம்பெனியார் அவரிடம் விட்டார்கள். ஆற்காட்டு நவாபு முகம்மது அலிக்கு இது பொறுக்கவில்லை. கம்பெனியாரும் நவாபின் பக்கமே சாய்ந்தார்கள். சிப்பாயாக இருந்தவரை சகாயம். நாட்டை ஆளுவேன் என்றவுடன் கலகக்காரன்! 1763-இல் யூசுப்கான் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மதுரையை முற்றுகையிட்டும் கோட்டையைச் சண்டையில் பிடிக்க முடியவில்லை, துரோகத்தால்தான் பிடித்தார்கள். காட்டிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரன் மார்ச்சந்த், திவான் சீனிவாசராவ், வைத்தியன் பாபா சாகிப். துரோகத்திற்கு மட்டும் ஜாதி மத பேதமில்லை போலும்! 1764 அக்டோபர் 15-ந் தேதி மதுரைக்கு அருகே தூக்கிலிட்டார்கள். வயது நாற்பதை ஒட்டியிருக்கும்.

தூக்குக்கயிறு இரண்டு தடவை அறுந்ததென்றும், தொடைக்குள் வைத்திருந்த தாயத்தின் மகிமை அதுவென்றும் ஒரு கதை கட்டியிருக்கின்றார்கள். தொழுகையிலிருந்தவரை அவருடைய தலைப்பாகையாலேயே கட்டினார்கள் என்றும் அதே கதைக்காரர்கள்தாம் சொல்லுகின்றார்கள். கயிற்றை அறுத்த தாயத்துக்குத் தலைப்பாகையை அவிழ்க்கத் தெரியாமல் போனதென்ன?

யூசுப்கானைத் தெய்வமாக்கி மாலை போட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கம்பெனிக்காகப் பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவல் முதலிய கோட்டைகளை 1761-இல் பிடித்தவரும் அவரேயாவார். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஒன்று. அவரைத் தூக்கிலிட்ட பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, எத்தனை சண்டையில் ஜெயித்த இந்தியச் சுபேதாரும் நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரப் பையனுக்கு சலாம் போட்டுத்தான் நிற்க வேண்டியிருந்தது. சண்டையிடும் படைப்பிரிவுகளில் மன்னர் கமிஷன் இந்தியருக்குக் கிடைக்கத் தொடங்கியது 1917-இல்தான்.