ருசிக்கு வருவோரும் பசிக்கு வருவோரும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காக்ஸ் டவுன் சந்தைப் பக்கம் போகிறவர்கள் இப்போது ஒரு புதிய காட்சியைக் காணலாம். பத்துப் பதினைந்து பேர் கூட்டமாக வருகிறார்கள். கையில் செல்போன், முதுகில் பை, முன்னால் ஒரு வழிகாட்டி. இட்லி வேகும் தள்ளுவண்டி அருகே நிற்கிறார்கள். ஆவி பறப்பதைப் படம் பிடிக்கிறார்கள். ஒரு இட்லியை நாலாகப் பிய்த்து ஆளுக்கொரு வாய் ருசி பார்க்கிறார்கள். பிறகு அடுத்த கடைக்கு நகர்கிறார்கள். நகரத்தின் உணவைத் தேடிப் போகும் நடையாம் இது! இதில் கலந்துகொள்ளக் கட்டணமும் உண்டு.

அதே தள்ளுவண்டிக்கு மூன்று மணி நேரம் முன்பே வேறொரு கூட்டம் வந்து போயிருக்கும். கொத்தனார், சித்தாள், பெயிண்டர், துப்புரவுத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுகிறவர். இவர்கள் படம் பிடிப்பதில்லை. நின்றபடியே நாலு இட்லியை விழுங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, "சாயங்காலம் தர்றேன்கா" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள்.

ருசிக்கு வருகிறவர்கள் மேல் நமக்குக் கோபம் கிடையாது. காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். நம் பெண்களின் கைப்பக்குவத்தை நாலு பேரிடம் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நம்முடைய கேள்வி வேறு. இந்தச் சோற்றை இவ்வளவு புகழ்கிற நகரம், அதைச் சமைக்கிறவளுக்கு நிற்க நாலடி இடம் தருமா? காலையில் பசியோடு வருகிறவனுக்கு நாளைக்கும் அந்த இடத்தில் சோறு கிடைக்குமா?

இந்தச் சோறு இங்கே வந்த கதை

வெள்ளைக்காரன் 1809-இல் பெங்களூரில் இராணுவ முகாம் அமைத்தபோது, பட்டாளத்தின் பின்னாலேயே தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் வந்தனர். சமையல்காரராக, தோட்டக்காரராக, சலவைத் தொழிலாளியாக, மூட்டை சுமப்பவராக வந்தனர். காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் என்று பகுதிகளுக்கு வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்கள் வந்தன. அங்கே கல் சுமந்து சுவர் எழுப்பியவர்களின் பெயர் எந்தத் தெருவுக்கும் வைக்கப்படவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற அடையாளம் அடுப்படியில் இருக்கிறது.

பிற்காலத்தில் விமானத் தொழிற்சாலை 1940-லும், ஐ.டி.ஐ. 1948-லும், பி.இ.எல். 1954-லும் வந்தன. வேலை தேடி மேலும் பலர் வந்தனர். கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டபின், அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறி இந்த நகரத்துக்கு வேலைக்கு வரத் தொடங்கினர்.

இப்படி வந்த ஒவ்வொரு கூட்டமும் தன் சோற்றைக் கொண்டுவந்தது. ஆனால் வந்த இடத்தில் அது தனியாக நிற்கவில்லை. ராகியைக் கிளறி உருட்டி வைத்தால் கன்னடத் தொழிலாளிக்கு அது முத்தெ, கிருஷ்ணகிரிக்காரருக்கு அது களி. பெயர்தான் இரண்டு, பசி ஒன்று. அசைவச் சாப்பாட்டுக் கடையை இந்த ஊரில் இன்றும் "மிலிட்டரி ஓட்டல்" என்றே சொல்கிறார்கள். உடுப்பிக்காரர் ஓட்டல், முஸ்லிம் சகோதரர்களின் பிரியாணிக் கடை, கேரளத்துக்காரர் டீக்கடை, நம்மவர் இட்லிக் கடை எல்லாம் அடுத்தடுத்து நிற்கின்றன. காக்ஸ் டவுன் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் அம்மா ஒரே மூச்சில் தமிழும் கன்னடமும் உருதும் பேசுகிறாள். "ஊட்டா ஆயித்தா?" என்று கன்னடத்தில் கேட்டாலும் "சாப்பிட்டாச்சா?" என்று தமிழில் கேட்டாலும் அது ஒரே அன்புதான்.

காவிரியின் பெயரால் 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்த நகரத்தில் கலவரத் தீ மூட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தத் தீ அணைந்தபின் இரு மொழிக்காரரும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றது இதுபோன்ற கடைகளின் முன்னால்தான். அதையும் மறக்கக்கூடாது.

கடையா, சங்கமா?

நான் 1979-இல் திருப்பத்தூரிலிருந்து பாசஞ்சர் வண்டியில் வந்து இறங்கியபோது என் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் இருந்தது காக்ஸ் டவுனில் நம்மவர் நடத்திய ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையின் விலாசம். அந்தக் கடையில்தான் முதல் சோறு. அங்கே சாப்பிட வந்த மேஸ்திரியிடம்தான் முதல் வேலை. ஊரிலிருந்து அம்மா போட்ட கடிதமெல்லாம் அந்த விலாசத்துக்குத்தான் வந்தது. காய்ச்சலில் படுத்தபோது மிளகு ரசமும் அங்கிருந்துதான் வந்தது. கடைக்கார அம்மாவின் கணக்கு நோட்டில் என் பெயருக்கு நேரே மூன்று மாதம் கடன் நின்றது. அவர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

இது என் ஒருவன் கதையல்ல. இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேருக்கு இப்படி ஒரு கடை இருக்கும். வந்தவனுக்கு முதல் வங்கியும், வேலைவாய்ப்பு அலுவலகமும், தபால் நிலையமும், சங்கமும் அந்தக் கடைதான்.

அதன் அருமை 2020 மார்ச்சில் எல்லாருக்கும் தெரிந்தது. ஊரடங்கு என்று ஒரே இரவில் அறிவித்தார்கள். ஓட்டல் மூடியது, தள்ளுவண்டி நின்றது. ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கி, அடுப்பே வைத்துக்கொள்ளாமல் கடைச் சாப்பாட்டை நம்பியிருந்த இளைஞர்கள் கையில் காசு இருந்தும் பட்டினி கிடந்தார்கள். தெருச்சோறு என்பது வேடிக்கைப் பொருளல்ல, உழைக்கும் மக்களின் சமையலறை என்பதை அந்த நாட்கள் காட்டின.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். தமிழ்நாட்டில் 2013-இல் அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்தது. அதைப் பார்த்து இங்கே 2017 ஆகஸ்டில் தொடங்கிய இந்திரா கேண்டீன், ஐந்து ரூபாய்க்குக் காலைச் சிற்றுண்டியும் பத்து ரூபாய்க்குச் சாப்பாடும் கொடுத்தது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் அங்கே கடன் நோட்டு கிடையாது. விடியற்காலை நாலரை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவளுக்கு அங்கே அடுப்பு எரியாது. ஆகவே அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

வேனில் போன அடுப்பு

எங்கள் பகுதியில் ஒரு அக்கா. பெயர் வேண்டாம். கணவர் சாரம் சரிந்து விழுந்து இடுப்பொடிந்தவர். இருபது ஆண்டுகளாக ஒரே மரத்தடியில் இட்லியும் தக்காளிச் சட்னியும் விற்று இரண்டு பெண்களைப் படிக்கவைத்தவர். ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒரு வேன் வந்தது. நடைபாதையை அகலப்படுத்தப் போகிறோம் என்றார்கள். அடுப்பு, சிலிண்டர், இட்லிக் குண்டான் எல்லாம் வேனில் ஏறின. அரைத்து வைத்த மாவு சாக்கடையில் போயிற்று.

"இன்னா எழுதிக் குட்த்தாங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் குடுக்கலண்ணா. வண்டிய இட்டுகினு பூட்டாங்க. நாலு நாளா அலையறேன்" என்றார். உடன் சென்றோம். எந்த அலுவலகத்தில் கேட்டாலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். ஒன்பதாம் நாள் குண்டான் கிடைத்தது. சிலிண்டர் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் வருமானமும் வட்டிக்கு வாங்கிய பணமும் போனது போனதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த மாதமே அந்தத் தெருவின் ருசியைப் புகழ்ந்து ஒருவர் எடுத்த வீடியோவில் அக்காவின் பழைய வண்டி வருகிறது! புகழ் மிஞ்சியது, வண்டி மிஞ்சவில்லை.

சட்டம் நம் பக்கம்

வாசகர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். தெருவோர வியாபாரிகளின் பாதுகாப்புக்காக 2014-இல் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. அது சொல்வது என்ன?

கணக்கெடுப்பு முடிந்து வியாபாரச் சான்றிதழ் வழங்கும்வரை எந்தத் தெரு வியாபாரியையும் அப்புறப்படுத்தக்கூடாது. இடம் மாற்றுவதானால் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் கையோடு பட்டியல் எழுதித் தரவேண்டும். அழுகும் பொருளானால் கேட்ட அன்றே, அழுகாத பொருளானால் இரண்டு வேலை நாளுக்குள், கட்டணம் பெற்றுக்கொண்டு திருப்பித் தரவேண்டும். ஐம்பது ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும். அங்குள்ள தெரு வியாபாரிகளை இடம் பெயர்க்கக்கூடாது. இவற்றையெல்லாம் கவனிக்கும் நகர வியாபாரக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர், வியாபாரிகள் தமக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்.

அந்த அக்காவுக்கு முப்பது நாள் அறிவிப்பு கிடைத்ததா? இல்லை. பட்டியல்? இல்லை. இப்படி ஒரு சட்டம் இருப்பதாவது அவருக்குத் தெரியுமா? அதுவும் இல்லை. மூன்றாவது "இல்லை"க்கு நாம்தான் பொறுப்பு.

சேலத்துக்காரர் தந்த பாடம்

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது என்பதற்கு நம்மவர் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. பஞ்சம் தாங்காமல் 1961-இல் சேலத்திலிருந்து பம்பாய்க்குப் போனார் ஒரு நிலமற்ற கூலித் தொழிலாளி. நடைபாதைக் குடிசையில் வாழ்ந்தார். 1981 ஜூலையில் கொட்டும் மழையில் குடிசையை இடித்து, ஊருக்குப் போ என்று பஸ்ஸில் ஏற்றினார்கள். ஊரில் பிழைப்பில்லை. திரும்பி வந்தார். அவரைப் போன்ற நடைபாதைவாசிகளும் ஒரு பத்திரிகையாளரும் சேர்ந்து உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள்.

1985-இல் தீர்ப்பு வந்தது. உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது நீதிமன்றம். நாடெங்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. ஆனால் அதே தீர்ப்பு, முறைப்படி அறிவிப்புக் கொடுத்தால் நடைபாதையிலிருந்து அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. உரிமை கிடைத்தது, குடிசை நிலைக்கவில்லை. வென்ற உரிமையைக் காப்பாற்றத் தெருவில் அமைப்பு வேண்டும் என்பதே சேலத்துக்காரர் நமக்குத் தந்த பாடம்.

நம் முதுகையும் பார்ப்போம்

அதிகாரிகளை மட்டும் குறைசொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. தள்ளுவண்டி அக்காவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிற நம் வீட்டுப் பிள்ளைகள், செல்போனில் வரவழைக்கும் சாப்பாட்டுக்கு மறுபேச்சில்லாமல் பணம் கட்டுகிறார்கள். நம்மவர் நடத்தும் மெஸ்களிலேயே பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு வாரவிடுமுறை உண்டா? மேசை துடைக்கும் பையன் பள்ளிக்கூடம் போகிறானா? தண்ணீர்க் குடத்துக்கு மூடி உண்டா? எச்சில் இலை சாக்கடையில் விழாமல் பார்த்துக்கொள்கிறோமா? இதற்கெல்லாம் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் நாம் உரிமை கேட்க வேண்டும். நடைபாதை நடக்கிறவருக்கும் சொந்தம். வயதானவரும் பள்ளிப் பிள்ளையும் நடக்க வழி விட்டு நிற்கும் கடையைத்தான் அக்கம்பக்கத்தார் காப்பாற்ற முன்வருவார்கள்.

இன்னொன்று. பெயர்ப் பலகையில் கன்னடம் முதலிடம் பெறவேண்டும் என்று கேட்டால் அதில் நமக்குக் குறைவேதும் இல்லை. மகிழ்ச்சியோடு எழுதுவோம். இந்த மண்ணின் மொழியைக் கற்பது அடிமைத்தனம் ஆகாது. சோறு போட்ட ஊருக்குச் செய்யும் மரியாதை அது.

செய்யவேண்டியவை

ஒன்று: நம் பகுதியில் உள்ள ஒவ்வொரு தெரு வியாபாரியும், தமிழரோ கன்னடரோ உருது பேசுபவரோ, கணக்கெடுப்பில் பெயர் சேர்த்துச் சான்றிதழ் பெறும்வரை சங்கத் தோழர்கள் உடன் நிற்கவேண்டும். மனு எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை தெருவுக்கு ஒருவர் போதும்.

இரண்டு: வியாபாரக் குழுத் தேர்தலில் நம் பெண்கள் நிற்கவேண்டும். மொழி பார்த்து ஓட்டுப் போடாமல், தெருவுக்காகப் பேசுகிறவர்களுக்குப் போடவேண்டும்.

மூன்று: ஐம்பது ஆண்டுகளாக வியாபாரம் நடக்கும் இடங்களுக்குச் சான்று திரட்டவேண்டும். பழைய ரசீது, பழைய புகைப்படம், வயதானவர்களின் வாக்குமூலம் எல்லாம் பயன்படும். உங்கள் வீட்டுப் பெட்டியில் தேடுங்கள்.

நான்கு: வேன் வந்தால் ஓடாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். பட்டியல் கேளுங்கள். கையெழுத்துக் கேளுங்கள். ஒரு கடைக்கு வந்தால் பத்துக் கடைக்காரரும் கூடி நில்லுங்கள்.

ருசிக்கு வரும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் படம் பிடித்த அக்காவின் வண்டியை வேன் ஏற்றும் நாளில் உங்கள் செல்போனை எடுத்து அதையும் படம் பிடியுங்கள். அன்று எங்களோடு வந்து நில்லுங்கள்.

அந்த அக்கா இப்போது வேறொரு முனையில், கடன் வாங்கிய சிலிண்டரோடு, மீண்டும் இட்லி விற்கிறார். போன வாரம் போனேன். நாலு இட்லி வைத்துவிட்டு, "அந்தப் பட்டியல் சமாச்சாரத்த இன்னொரு தபா சொல்லுங்கண்ணா, இங்க ரெண்டு பேருக்குத் தெரியணும்" என்றார். பக்கத்தில் பூ விற்கும் கன்னட அம்மாவும் கருவாடு விற்கும் பாட்டியும் கூடையை நகர்த்திக்கொண்டு அருகே வந்து உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்குச் சொன்னேன். நீங்களும் மூன்று பேருக்குச் சொல்லுங்கள்.